கைக்கு எட்டிய மாத்திரை

உலக சுகாதார நிறுவனம் வகுத்த ‘ஸ்டெப்ஸ்’ முறைப்படி 2020-ல் தமிழ்நாட்டில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வயதுவந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று அது சொன்னது. வீட்டுக்கு ஒருவர் ‘சுகர்’, ‘பிரஷர்’ என்று சொல்லும் ஊரில் இந்த எண்கள் யாரையும் பெரிதாகத் திடுக்கிட வைக்காது. திடுக்கிட வேண்டியது அதற்கடுத்த எண்ணைப் பார்த்துத்தான். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கே. சர்க்கரையில் 10.8 சதவீதம். இத்தனைக்கும் இந்த நோய்களுக்கான மாத்திரைகள் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி தாலுகா ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கும். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்கி விநியோகிக்கும் முறையைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப்போயின. கணக்கெடுப்புக்குப் பின், 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதிலிருந்து மாத்திரை வாசலுக்கே வருகிறது. மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், ஆஸ்பத்திரி எட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்தக் கணக்கெடுப்பில் நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு பேருக்கு நோய் கட்டுக்குள் வந்திருக்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இங்கே உள்ளபடியே நடக்கிறது.

இவர்களில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. உடம்பு நன்றாக இருக்கும்போது எதற்குப் பரிசோதனை என்று போகாதவர்கள் அவர்கள். சிலருக்குத் தெரியும், ஆனால் மருந்து தொடங்கவில்லை. சிலர் தொடங்கி இரண்டு மாதத்தில் விட்டார்கள். இன்னும் சிலர் நினைத்தபோது போடுகிறார்கள். இவற்றில் எதையும் புதிய மருந்தொன்று கண்டுபிடித்துத் தீர்க்க முடியாது. மனிதர் எப்போது நோயாளி ஆக ஒப்புக்கொள்கிறார், யார் சொன்னால் கேட்கிறார், எதற்குப் பயப்படுகிறார், எதை மறைக்கிறார் என்பதை ஆராயும் துறைக்கு நடத்தை அறிவியல் என்று பெயர். உளவியல், சமூகவியல், மானுடவியல் மூன்றும் மருத்துவத்தோடு சந்திக்கும் இடம் அது. இந்த அத்தியாயத்தின் கேள்வி, அந்தத் துறையை மருத்துவ மாணவர்கள் ஏன் ஒரு பாடமாகவே மதிப்பதில்லை என்பது.

மதிப்பதில்லை என்பது பல நாடுகளில் பதிவான செய்தி. உடற்கூறியல், மருந்தியல் எல்லாம் ‘கடினமான’ பாடங்கள். நடத்தை அறிவியலோ ‘மென்மையான’ பாடம், பொது அறிவு இருந்தால் போதும், தேர்வுக்கு முந்தின இரவு புரட்டினால் போதும் என்ற எண்ணம் அமெரிக்க, பிரிட்டிஷ் மாணவர்களிடமும் உண்டு. ஆனால் நம் ஊர் மாணவரைக் குறை சொல்லும் முன்பு அவருக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும். 1997-ல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதிகளின்படி, நாலரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பில், இந்தத் துறைக்கு மிக நெருங்கிய மனநல மருத்துவத்துக்கு ஒதுக்கப்பட்ட வார்டு போஸ்டிங் இரண்டு வாரம். தனித் தாள் கிடையாது. பொது மருத்துவத் தாளுக்குள் ஓரிரு கேள்வி. முதுகலை நுழைவுத் தேர்விலோ அதன் பங்கு மிகச் சிறியது. ‘ஹை-யீல்டு’, ‘லோ-யீல்டு’ என்று பாடங்களைத் தரம் பிரித்துப் படிக்கப் பதினேழு வயதிலேயே பழகிய பிள்ளை, இந்தப் பாடத்தை எந்தப் பக்கம் வைக்கும்? மாணவரின் மனப்பான்மை என்று நாம் அளப்பது, பெரும்பாலும் தேர்வு முறையின் மனப்பான்மையே. மாணவர் அதைச் சரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

2019-ல் வந்த புதிய பாடத்திட்டம் இதைக் கொஞ்சம் மாற்ற முயன்றது. மனப்பான்மை, அறநெறி, தகவல் தொடர்பு மூன்றையும் சேர்த்து ‘ஏட்காம்’ என்ற பகுதி முதலாண்டு தொடங்கி இறுதியாண்டு வரை ஓடுகிறது. நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்பது அதன் தொடக்கப் பாடங்களில் ஒன்று. 2021-22-ல் சேர்ந்தவர்கள் முதல், மாணவர்கள் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும் என்ற திட்டமும் சேர்ந்தது. நல்ல தொடக்கம் என்றுதான் நான் கருதுகிறேன். ஆனால் அட்டெண்டன்ஸுக்காக உட்கார்ந்து, லாக் புக்கில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற வகுப்பாக இது ஆகிவிட்டால் பழைய எண்ணம் இன்னும் கெட்டிப்படும்.

‘இதெல்லாம் பொது அறிவுதானே, இதை ஏன் பாடமாகப் படிக்க வேண்டும்?’ என்பது மாணவர்களின் முதல் ஆட்சேபம். இதை நேர்மையாக எதிர்கொள்ள, நாங்குநேரிப் பக்கம் ஏர்வாடியில் பீடி சுற்றும் ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்வோம். (ராமநாதபுரத்து ஏர்வாடி அல்ல, இது நாங்குநேரி தாலுகா ஏர்வாடி.) ஓ.பி.யில் பயிற்சி மருத்துவர் கேட்கிறார்: “மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாம்மா?” அந்த அம்மா சொல்கிறார்: “போடுதேன் டாக்டரம்மா. தல கிறுகிறுன்னு வரும்போது போடுதேன். நல்லா இருக்கையில எதுக்குப் போடணும்?” ஓ.பி. சீட்டில் ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்’ என்று ஏறுகிறது. ‘தினமும் போடணும், இல்லேன்னா வாதம் வந்துடும்’ என்று ஒரு மிரட்டல். அடுத்த நோயாளி. பொது அறிவு இதற்கு மேல் போகாது.

நடத்தை அறிவியல் இதற்கு மேல் போகிறது. 1985-ல் அமெரிக்காவில் மேயர், லெவந்தால், குட்மன் ஆகியோர் ரத்தக்கொதிப்பு நோயாளிகளை ஆராய்ந்தபோது ஒரு வினோதமான முரண் வெளிப்பட்டது. ‘பிரஷர் ஏறியிருப்பதை யாராலும் உணர முடியாது’ என்பதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். அதே ஆட்களில் பெரும்பாலோர், தங்களுக்கு மட்டும் அது தெரியும் என்றும் நம்பினார்கள். தலைவலி, முகம் சூடாவது, படபடப்பு என்று ஏதோ ஓர் அடையாளத்தை வைத்திருந்தார்கள். மருந்தைப் போடுவதும் விடுவதும் அந்த அடையாளத்தைப் பொறுத்தே நடந்தது. அதாவது ஏர்வாடி அம்மா அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. அறிகுறி வந்தால் நோய், போனால் குணம் என்ற, காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சரியாகப் பொருந்திய ஒரு விதியை, அது பொருந்தாத நோய்க்கும் நீட்டுகிறார். மிரட்டல் அவரிடம் எதையும் மாற்றாது. ‘கிறுகிறுப்பு இல்லாத நாளிலும் பிரஷர் ஏறியிருக்கும், இப்பவே பாருங்க’ என்று கருவியில் காட்டினால் மாறக்கூடும். இன்னொன்றும் இருக்கலாம். சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கும். பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு. மடியில் தட்டு, கையில் கத்தரி, இலை காய்வதற்குள் வெட்டிச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு முறை எழுந்து போய் வரும்போதும் எண்ணிக்கை குறைகிறது. பீடியைக் கொண்டுசேர்க்க வேண்டிய கெடு உள்ள நாளில் அவர் மாத்திரையைத் தள்ளிப்போட்டால், அது அவர் கணக்கில் நியாயமான முடிவு. மருந்தை மாற்றுவதோ, போடும் வேளையை மாற்றுவதோ மருத்துவர் கையில் இருக்கிறது. கேட்டால்தான் அது தெரியும். எதைக் கேட்பது என்பது படித்தால்தான் தெரியும்.

இந்த வகை ஆராய்ச்சியின் மிகச் சிறந்த உதாரணங்களில் ஒன்று நம் சென்னையில் நடந்தது என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சி. காசநோயாளிக்குச் சானடோரியம், பாலும் முட்டையும், ஓய்வு, நல்ல காற்று எல்லாம் அவசியம் என்று உலகம் நம்பிய காலம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை நெரிசலான சொந்த வீட்டிலுமாக வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959-ல் வெளியான முடிவு: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். ஆனால் அந்த ஆய்வு விட்டுச்சென்ற இன்னொரு பாடம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. நோயாளி சொல்வதை மட்டும் நம்பாமல், முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். உடம்பு தேறியதும் நல்ல நோயாளிகளும் மருந்தை விட்டுவிடுகிறார்கள், யார் விடுவார் என்று முன்கூட்டியே ஊகிக்க மருத்துவராலும் முடியாது என்று தெரிந்தது. அப்படியானால் பழி சொல்லிப் பயனில்லை, சிகிச்சை முறையைத்தான் மாற்ற வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். வாரத்துக்கு இருமுறை, ஊழியர் கண்முன்னே மருந்து தரும் முறையை அறுபதுகளில் அதே மையம் சோதித்தது. பின்னாளில் உலகம் முழுதும் ‘டாட்ஸ்’ என்று பரவிய திட்டத்தின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. மனிதர் மறப்பார், சலிப்பார், தேறியதும் நிறுத்துவார் என்பதையும் கிருமியைப் போலவே ஓர் உண்மையாக எடுத்துக்கொண்டு அளந்ததால் கிடைத்த வெற்றி அது.

‘ஓ.பி.யில் கூட்டம் நெரிகிறது, இதையெல்லாம் பேச ஏது நேரம்?’ என்பது அடுத்த ஆட்சேபம். இது உண்மையான ஆட்சேபம். வாய்ச்சவடாலால் தள்ளக் கூடாது. 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் செலவிடும் நேரம் சுமார் இரண்டு நிமிடம் என்று கண்டார்கள். ஸ்வீடனில் இருபது நிமிடத்துக்கு மேல். ஆளெண்ணிக்கையைக் கூட்டாமல் இதை முழுதாகத் தீர்க்க முடியாது. ஆனால் நேரம் குறைவாக இருப்பவருக்குத்தான் கேட்கும் திறமை அதிகம் தேவை. 1984-ல் பெக்மன், ஃபிராங்கல் இருவரும் கண்டது: நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார். சரி, குறுக்கிடாமல் விட்டால் நாள் முழுக்கப் பேசிக்கொண்டேயிருப்பார்களா? ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் 2002-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளிகள் தாங்களாகவே பேசி நிறுத்த எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 92 விநாடி. நம் ஓ.பி.யில் முதல் 92 விநாடியும் கேட்டால் மற்றதற்கு முப்பது விநாடிகூட மிஞ்சாது என்பது சரிதான். எல்லோருக்கும் அது முடியாது. மூன்றாம் முறையாக அதே புகாரோடு வருபவர், மாத்திரை கூட்டியும் அளவு இறங்காதவர் என்று யாருக்கு அந்த நேரத்தைக் கொடுப்பது எனத் தேர்ந்தெடுக்கப் பயிற்சி வேண்டும். அவரை அன்றைக்குக் கேட்காமல் அனுப்பினால் அவர் நான்காம் முறையும் வருவார், அல்லது ஒரேயடியாக ஹைகிரவுண்டுக்கு ஆம்புலன்ஸில் போவார்.

ஹைகிரவுண்டு என்று இப்பகுதியினர் சொல்லும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி 1965-ல் தொடங்கியது. அங்கே படிக்கும் பிள்ளை நாங்குநேரிக்கு வந்தால் வானமாமலைப் பெருமாள் கோயிலின் எண்ணெய்க் கிணற்றைப் பற்றிக் கேள்விப்படாமல் திரும்ப முடியாது. பெருமாளுக்குக் காப்பு செய்த எண்ணெய் அந்தக் கிணற்றில் சேர்கிறது. தோல் நோய்க்கு அது மருந்து என்று தலைமுறைகளாக நம்பிக்கை. தோலில் தேமலோடு வரும் நோயாளி அந்த எண்ணெயைத் தடவிப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் மருத்துவரிடம் அவர் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார். ஹார்வர்டின் ஆர்தர் கிளைன்மன் 1978-ல் மருத்துவர்களுக்கென்று சில கேள்விகளை வகுத்தார். இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் இந்த நேரத்தில் வந்தது, இதில் உங்களுக்கு மிகவும் பயமாக இருப்பது எது, என்ன சிகிச்சை கிடைத்தால் நல்லது என்று நினைக்கிறீர்கள் என்பது போன்ற எளிய கேள்விகள். கோயில் எண்ணெயை ஏற்பதோ மறுப்பதோ இங்கே விஷயம் இல்லை. உணர்ச்சியற்ற தேமல் ஒன்று தொழுநோயாக இருந்தால், அவர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை மாதம் கழித்து வந்தார், வீட்டில் யாரிடம் மறைத்தார், மருந்துப் பட்டையை எங்கே ஒளித்து வைப்பார் என்பதெல்லாம் மருந்தின் அளவைப் போலவே முக்கியம்.

‘கருணையைப் பாடமாக நடத்த முடியுமா? அது பிறவிக் குணம்’ என்பார்கள் சிலர். பிறவிக் குணம் என்றால் அது படிப்பின் நடுவில் குறையக் கூடாது. ஹோஜத் தலைமையில் அமெரிக்காவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களை ஆண்டுதோறும் அளந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு, மூன்றாம் ஆண்டில், அதாவது வார்டுக்குள் முழுதாக நுழையும் ஆண்டில், பரிவு சரிவதைக் காட்டியது. கல்லூரியால் பரிவை அழிக்க முடியும் என்றால் அதைக் காக்கவும் முடியும் என்றுதான் கொள்ள வேண்டும். அளந்து மதிப்பெண் போட முடியாத பாடம் என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. கனடாவில் உரிமத் தேர்வில் நோயாளியோடு பேசும் திறனையும் சோதித்துவந்தார்கள். தொண்ணூறுகளில் அந்தத் தேர்வு எழுதிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பின்தொடர்ந்த டாம்பிளின் குழு 2007-ல் சொன்னது: அந்தப் பகுதியில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் மீது பின்னாளில் அதிகப் புகார்கள் வந்தன. அப்படியானால் அளக்கவும் முடிகிறது, அந்த அளவுக்கு அர்த்தமும் இருக்கிறது.

நான் மிகவும் மதிக்கும் ஆட்சேபம் வேறொன்று. இந்தப் பாடநூல்கள் மேல்நாட்டு மனிதரை வைத்து எழுதப்பட்டவை, நம் குடும்பமும் சாதியும் அதில் இல்லை என்பது அது. பெருமளவுக்கு உண்மை. நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்து மனநலச் சிகிச்சை தரும் மையத்தை வேலூர் சி.எம்.சி. 1957-லேயே தொடங்கியது, அந்த அனுபவம் நம் பாடநூல்களில் முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், லட்சுமி விஜயகுமார் குழு பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுப் பெட்டகத்தில் பூட்டிவைக்கச் செய்து, தற்கொலை முயற்சிகள் குறைகின்றனவா என்று பார்த்தது; 2013-ல் வெளியான அந்தச் சிறிய ஆய்வு, குறைகின்றன என்று காட்டியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பலருக்குச் சில மணி நேரமே நீடிக்கிறது; அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். வாழைத்தோட்டமும் வயலும் உள்ள எந்தத் தாலுகாவிலும் ஒரு மருத்துவர் இதை அறிந்திருக்க வேண்டாமா?

சாதியைப் பற்றி ஒன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. இதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகள் வரை பேசியது. வெட்டுக்காயத்தைத் தைப்பதற்கு அறுவைச் சிகிச்சை தெரிந்தால் போதும். அந்தப் பிள்ளைகள் தூங்குகிறார்களா, மீண்டும் அதே தெருவில் நடக்க முடியுமா, பதினாறு வயதில் ஒருவன் அரிவாள் எடுக்கும் முன் எந்தக் கூட்டத்தின் அங்கீகாரத்தைத் தேடினான் என்பவையும் மருத்துவக் கேள்விகளே. மருத்துவ மாணவரும் இதே தெருக்களிலிருந்து வருகிறவர். தன் மனதுக்குள் இருக்கும் சாய்வு, வார்டில் யாரிடம் பொறுமையாகவும் யாரிடம் எரிச்சலாகவும் பேச வைக்கிறது என்பதைக் கவனிக்கக் கற்றுத்தரும் பாடம் எம்.பி.பி.எஸ்.ஸில் வேறெது இருக்கிறது?

பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கொழும்பு மருத்துவப் பீடம் 1995-ல் தன் பாடத்திட்டத்தை மாற்றியமைத்தபோது நடத்தை அறிவியலை ஒரு தனிப் பிரிவாகவே வைத்தது. இலங்கையில் மனநல மருத்துவம் இறுதியாண்டில் தனித்துத் தேர்வு வைக்கும் பாடம். நாம் தேர்வில் தனி இடம் தராத பாடத்தை மாணவர் மதிக்கவில்லை என்று குறைபடுவது நியாயமில்லை. தேசிய மருத்துவ ஆணையமும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியது தெளிவு: இறுதியாண்டில் இதற்குத் தனித் தாள் வையுங்கள். செய்முறைத் தேர்வில், மாணவர் ஒரு நோயாளிக்கு மருந்தை அவர் ஊர்த் தமிழில் விளக்கட்டும். நோயாளி அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். அவர் எவ்வளவு சரியாகச் சொல்கிறாரோ அதற்கு மாணவருக்கு மதிப்பெண் போடுங்கள்.